ஏழாவது அலசல்

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், வாயு அறையின் கூரையில் பொருத்தியிருந்த ஒலிபெருக்கி, வினோதினியின் குரலில் "ஒண்ணு, சரி" என்றது. இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த வினோதினிக்குக் கொட்டாவி வந்தது. முகமூடி இல்லாமல், முதுகில் காற்றுக் குப்பி இல்லாமல், அந்த அறையை உட்கார்ந்து பார்ப்பது பதினோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

சூலூருக்குக் கிழக்கே இருந்த அந்த சிப் தொழிற்சாலையில் அவளுடைய வேலைக்குத் துணையாள் என்று பெயர். விஷவாயு சிலிண்டர் தீர்ந்துபோனால் கழற்றிப் புதிது மாட்ட ஒருவர் உள்ளே போவார். அவர் தனியாகப் போகக்கூடாது என்பது விதி. பின்னால் இன்னொருவர் நிற்க வேண்டும். அந்த இன்னொருவர் எதையும் தொடுவதில்லை. பார்ப்பார், ஒவ்வொரு படியும் ஒழுங்காக முடிந்ததும் "சரி" என்று உரக்கச் சொல்வார். அந்தச் சொல் காதில் விழாமல் முன்னவர் அடுத்த படிக்குக் கை வைக்கக்கூடாது. வேலை அவ்வளவுதான். கேட்பவர்களுக்குச் சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று தோன்றும். ரப்பர் உடைக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டு, பத்துக் கிலோ குப்பியைச் சுமந்துகொண்டு, நாளைக்கு இரண்டு தடவை, கண்ணைச் சிமிட்டவும் யோசித்துச் சும்மா நின்று பார்த்தால் தெரியும்.

இனி நிற்க வேண்டியதில்லை. நிழல் வந்துவிட்டது.

வினோதினியின் முகமூடிக்குள் முதல் நாளிலிருந்தே ஒரு சின்னக் கருவி இருந்தது. அவள் எங்கே பார்க்கிறாள், எவ்வளவு நேரம் பார்க்கிறாள், எப்போது சரி சொல்கிறாள் என்று எல்லாவற்றையும் அது பதிந்துகொண்டே வந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் சிலிண்டர் மாற்றங்கள். அத்தனையையும் ஊட்டி வளர்த்த, கேமரா வழியாகப் பார்க்கும் கணினி நிரல்தான் நிழல். ஆட்கள் அதைக் 'குட்டி வினோ' என்று கூப்பிட்டார்கள். இன்றைய ஒத்திகை முடிந்து ஒரு தாளில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால், திங்கட்கிழமை முதல் அவிநாசி சாலை அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு. மின்விசிறிக்கு அடியில் நாற்காலி. பருத்திப் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாம். அதை நினைத்தாலே அவளுக்குத் தோள் வலி பாதி இறங்கியது.

உள்ளே சம்பத் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தொரு வயது. இந்தப் பதினோரு வருஷமும் அவள் முன்னால் உட்கார்ந்து சிலிண்டர் மாற்றியவர். இன்றைக்குக் குழாயில் விஷவாயு எதுவும் இல்லை, வெறும் நைட்ரஜன்தான். ஆனாலும் ஒவ்வொரு படியையும் நிஜம்போலவே செய்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா, அந்த வளைஞ்ச குழாய்க்கு எதுக்குங்க இத்தன பூசை?" என்று கேட்டாள் ஹேமலதா. தகடு கழுவும் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்திருந்தாள். சம்பத்தை எடுத்துவிட்டு, எட்டாம் தேதி முதல் உள்ளே உட்காரப்போவது அவள்தான்.

வினோதினிக்குக் கொட்டாவி நின்றது. யாராவது இந்தக் குழாயைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு உயிர் வந்துவிடும்.

"அந்த ஒரு முழக் குழாய்தான் எல்லாமே, கண்ணு. சிலிண்டரையும் சுவத்துல இருக்கற பெரிய குழாயையும் சேர்க்கறது அதுதான். சிலிண்டர மூடிட்டாலும் அந்த ஒரு முழத்துக்குள்ள வாயு நிக்கும். அப்படியே கழட்டினா மூஞ்சிலதான் வரும்."

"ஆர்சின் வாயு பூண்டு வாசம் அடிக்கும்னாங்க. வாசம் வந்தா எந்திரிச்சு ஓடிற மாட்டமா?"

"பூண்டு வாசம் வர்றப்ப நீ தேவைக்கு மேலயே குடிச்சிருப்பே. ஓடலாம். வீட்டுக்குப் போய்ச் சோறும் திங்கலாம். அது ரத்தத்துல இருக்கற சிவப்பணுவ உடைக்கற வாயு. ஒண்ணுமே தெரியாது. சில மணி நேரம் கழிச்சு ஒண்ணுக்குப் போனாத் திராட்சை ரசமாட்டப் போகும். அப்பத்தான் தெரியும்."

ஹேமலதா கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தாள்.

"அதனால அலசறோம்" என்றாள் வினோதினி. தாளில் அதற்குப் பர்ஜ் என்று பெயர். இவர்கள் வாயில் அலசல். "பால் பாத்திரம் அலசற மாதிரிதான். நைட்ரஜன உள்ள விட்டு, பம்புல உறிஞ்சி எடுத்தா, பத்துல ஒரு பங்குதான் மிச்சம் நிக்கும். ரெண்டாவது தடவ நூத்துல ஒண்ணு. இப்படியே அஞ்சு அலசினா லட்சத்துல ஒண்ணு."

"அது போதாதுங்களா?"

"அந்தச் சனியனுக்கு அதுவும் ஜாஸ்தி. ஏழு தடவ அலசினாத்தான் கோடியில ஒண்ணு. இன்னொண்ணும் இருக்கு. ஒவ்வொரு தடவ உறிஞ்சின பொறகும் அந்த மீட்டர் முள்ளு முப்பது விநாடி அசையாம நிக்கணும். ஏறுச்சுன்னு வெய்யி, மூடின சிலிண்டர் சரியா மூடல, உள்ளயிருந்து கசியுதுன்னு அர்த்தம். அப்ப நீ எத்தன தடவ அலசினாலும் ஓட்டக் கொடத்துல தண்ணி எறைக்கற கதைதான்."

"மூணு, சரி" என்றது ஒலிபெருக்கி.

மடியில் கைக்கணினியோடு உட்கார்ந்திருந்த தஸ்லீமா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நிழலை உருவாக்கிய நிறுவனத்தின் பொறியாளர், ஆம்பூர்ப் பக்கம். இரண்டு மாதமாக இங்கேயே டேரா. "நீங்க சொல்லிக்கொடுத்தா எங்க காலேஜ்லயே நாலு பேர் கூடப் பாஸ் ஆகியிருப்பாங்க மேடம்."

"முள்ளப் பாக்கத்தானே? அதுக்கு ஒரு சின்ன மிஷின் போதாதாம்மா? எதுக்கு என்னயப் பாத்து ஒண்ணு வளத்தீங்க?" பல நாளாகக் கேட்க நினைத்ததை வினோதினி கேட்டாள்.

"முள்ளை எந்த மிஷினும் பாக்கும். ஆனா ஒருத்தர் கை நடுங்குது, வாஷரைக் கீழ போட்டுட்டு அதையே எடுத்து மாட்டறார், தலை சுத்தி ஒரு பக்கமாச் சாயறார். இதையெல்லாம் எந்த விதியில எழுதறது? நீங்க பாத்த உடனே 'நில்லுங்க'ன்னு சொல்லியிருக்கீங்க. அந்தக் கண்ணுதான் எங்களுக்கு வேணும். இங்க சரியா வந்துட்டா இன்னும் பதினாலு ஆலைக்குப் போகுது உங்க கண்ணு. நிழல் தவறாது, அந்த நம்பிக்கையிலதான் காற்றுக் குப்பியையே எடுக்கறோம். எட்டாம் தேதியிலருந்து உள்ள போறவருக்கு மூக்கை மூடற சின்ன வடிகட்டி மட்டும் போதும்."

"அப்பாடா" என்றாள் ஹேமலதா. "அந்தக் குப்பிய மாட்டினா நான் பின்னாடி சாஞ்சிருவேன்."

அந்தக் குப்பிதான் இவர்களுடைய காலன். அரை மணி நேரக் காற்று என்று மேலே எழுதியிருக்கும். அது நாற்காலியில் சும்மா உட்கார்ந்து மூச்சு விடுபவருக்கான கணக்கு. வேலை செய்பவருக்கு இருபத்தைந்து நிமிஷம் வந்தால் புண்ணியம். கால்வாசி மிச்சம் இருக்கும்போது குப்பியில் விசில் ஊதும். ஏழு அலசலும் முடிவதற்குள் ஊதிவிட்டால் இருவரும் வெளியே வந்து, குப்பி மாற்றி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஏழையும் முறையாகச் செய்தால் நேரம் மயிரிழையில் போதும். கொஞ்சம் புழுக்கம், கொஞ்சம் படபடப்பு என்றால் போதாது. ஒரு தரம் திரும்பத் தொடங்கியவர்கள் இரண்டாம் தரம் அப்படி நேராமலிருக்க எது வேண்டுமானாலும் செய்வார்கள்.

"அஞ்சு, சரி."

வினோதினி காபியை உறிஞ்சியபடி கண்ணாடி வழியாக அளவுமானியைப் பார்த்தாள். ஆறாவது அலசல். பம்பு உறிஞ்சியது, முள் மடமடவென்று இறங்கியது, அடியில் போய் நின்று இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஆறு, சரி."

அவள் காபிக் கோப்பை அப்படியே நின்றது. நாலு விநாடிகூட ஆகவில்லை.

உள்ளே சம்பத் அசையவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிஷம் கழித்துத்தான் கையை எடுத்து அடுத்த வால்வைத் திருகினார்.

"இவரோட பிரச்சினை இதுதான்" என்றாள் தஸ்லீமா மெதுவாக. "நிழலோட அறிக்கையில இருக்கு. கடைசி ரெண்டு அலசல்ல மட்டும் சராசரி முப்பத்திநாலு விநாடி தாமதம். மூட்டுத் தேய்மானமா இருக்கலாம்னு போட்டிருக்கு. அதனாலதான் ஹேமாவைக் கேட்டோம்."

"ஏழு, சரி" என்றது வினோதினியின் குரல். இந்தத் தடவை முள் இறங்கி முடிக்கவே இல்லை.

அந்தச் சரியை அவளுக்கு நன்றாகத் தெரியும். காது ஓரத்தில் விசில் எந்த நேரமும் ஊதிவிடும் என்ற பயத்தில், இந்த மனிதர் வேறு முட்டியைத் தேய்த்துக்கொண்டு நேரத்தைக் கொல்வாரே என்ற எரிச்சலில், முள்ளைப் பார்க்காமல் அவர் முதுகைப் பார்த்துச் சொல்கிற சரி. எப்போதிலிருந்து அப்படிச் சொல்ல ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. நிழலுக்கு மூச்சு கிடையாது, குப்பி கிடையாது, விசில் கிடையாது. ஆனாலும் காற்றுத் தீரப்போகிறவளைப்போல அது அவசரப்பட்டது. அவளிடம் கண்டதைத்தான் அதுவும் செய்தது.

"கையெழுத்து வாங்கிக்கலாமா மேடம்?"

"ஒரு நிமிஷம் இரும்மா" என்று எழுந்து போனாள்.

உடை மாற்றும் அறையில் சம்பத் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வா அம்மிணி. குட்டி வினோ உன்ன மாதிரியே வெரட்டறா. நீயாச்சும் சாப்பாட்டு நேரத்துல விடுவே."

"அண்ணா, முட்டிக்கு வைத்தியம் எங்க பாக்கறீங்க?"

"எந்த முட்டிக்கு?"

வினோதினி பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தாள்.

"கடைசி ரெண்டு அலசல்ல தேச்சுட்டே உக்காந்திருப்பீங்களே. நான் சரி சொன்னதுக்கு அப்பறம்."

சம்பத் டம்ளரைச் சுழற்றினார். திருடன் அகப்பட்ட மாதிரி ஒரு சிரிப்பு. "வலியெல்லாம் ஒண்ணுமில்ல. முப்பது எண்ணிட்டிருப்பேன்."

"எதுக்கு?"

"நீ சீக்கிரமாச் சொல்லிருவியே. ரெண்டாவது வருசத்துலருந்து. அந்த அக்னி நட்சத்திரத்துல மூணு தடவ திரும்பத் திரும்ப ஆரம்பிச்சமே, அதுக்கப்பறம். நேரா உங்கிட்டச் சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவே. செரி, அவ சொல்றத சொல்லட்டும், நாம எண்ணிக்கலாம்னு உட்டுட்டேன். சும்மா உக்காந்திருந்தா நீ கத்துவேன்னு முட்டியத் தேச்சேன்."

"நீங்க தாமசம் பண்றீங்கன்னுதான் நான் முன்னாடியே சொல்ல ஆரம்பிச்சேன்."

"நீ முன்னாடியே சொல்றேன்னுதான் நான் தாமசம் பண்ணுனேன்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் சேர்ந்து வண்டி ஓட்டியிருக்கிறார்கள், ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் பிரேக்கை மிதித்து. சிரிப்பு அடங்கும்போது வினோதினிக்கு ஒன்று தோன்றியது.

"எண்ணறப்ப முள்ளப் பாப்பீங்களா?"

"நான் உக்காந்திருக்கற எடத்துல முள்ளு எங்க தெரியுது? நடுவுல சிலிண்டர் நிக்குது. முள்ளு உன்ற வேலை. ஏறுச்சுன்னா நீ கத்த மாட்டியா?"

"நான் உங்க முதுகப் பாத்துட்டிருந்தேன்."

சம்பத் டம்ளரைக் கீழே வைத்தார். வெளியே யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அவர் நேரத்தைக் காத்தார், அவள் பார்ப்பாள் என்று. அவள் பார்க்கவில்லை, ஐந்து அலசல் ஆகிவிட்டதே என்று. இருவருக்கும் நடுவில் ஆறாவதும் ஏழாவதும் வெறுமனே போய்க்கொண்டிருந்தன. எத்தனை தடவை முள் ஏறியதோ, யாருக்குத் தெரியும்? முதுகில் குப்பி இருந்தது, முகத்தில் மூடி இருந்தது. அதனால் உயிர் இருந்தது.

"இப்ப அந்தக் குப்பியத்தான் எடுக்கறாங்க" என்றாள் அவள்.

சம்பத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நீ கையெழுத்துப் போட்டுட்டுப் போ அம்மிணி. உனக்கும் தோள்பட்ட போச்சு. ஹேமாகிட்ட நான் சொல்லீர்றேன், முப்பது எண்ணச் சொல்லி."

"எண்ணிட்டு முள்ள யாரு பாக்கறது? சரி, இவகிட்டச் சொல்லுவீங்க. பதினாலு ஆலையில உக்காரப்போறவங்ககிட்ட?"

"அவங்க என்ன, நமக்குச் சொந்தமா பந்தமா?" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் திரும்பி நடந்தபோது கால் கனத்தது. கொள்முதல் பிரிவின் நாற்காலியைப் போன வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஜன்னல் ஓரம். பக்கத்து மேசைக்காரி ஊறுகாய் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள்.

தஸ்லீமா தாளை நீட்டினாள். ஒரே ஒரு வாக்கியம். 'நிழல் என்னைப் போலவே பார்க்கிறது என்று உறுதி கூறுகிறேன்.'

வினோதினி அதை இரண்டு முறை படித்தாள். பேனாவை வாங்கி, கையெழுத்துக்கான இடத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே எழுதினாள்: 'உண்மை. அதனால்தான் இதை உள்ளே விடக்கூடாது.'

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குப்பி, விசில், அக்னி நட்சத்திரம், முதுகு, முட்டி. தஸ்லீமா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் விரல்கள் கைக்கணினியில் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தன.

"அது தாமதத்தைப் பாத்திருக்கு. காரணம் அவர் மனசுக்குள்ள ஓடியிருக்கு" என்றாள் கடைசியில். "மேடம், இதுக்கு ஒரு பூட்டுப் போட்டுடலாம். முள்ளு முப்பது விநாடி நிக்காம சரி சொல்லக் கூடாதுன்னு. ஒரு நாள் வேலை."

"போடுங்க. ஆறும் ஏழும் எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எனக்குத் தெரியாம இன்னும் எத்தன இருக்கோ, அதுக்கெல்லாம் எங்க பூட்டுவீங்க?"

தஸ்லீமா மறுபடி கைக்கணினியைத் தட்ட ஆரம்பித்தாள்.

"வேற ஆள வெச்சு மொதல்லருந்து பழக்குங்கம்மா. நான் கெட்டுப்போன பாத்திரம்."

"எட்டு ஆலைகள்ல எட்டுத் துணையாட்களோட பதிவு எங்ககிட்ட இருக்கு" என்று தஸ்லீமா இழுத்தாள். "நீங்க சொன்னதும் இப்ப எல்லாத்தையும் முள்ளோட ஒப்பிட்டுப் பாத்தேன்." கைக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். எட்டுக் கோடுகள், ஒவ்வொரு அலசலிலும் முள்ளைப் பார்த்த நேரம். எல்லாம் ஏதோ ஓரிடத்தில் சரிந்து விழுந்தன. "இவர் நாலாவது அலசல்லயே ஆரம்பிச்சுடறார். இவங்க மூணாவதுல. இது யாருன்னு சொல்ல மாட்டேன், முள்ளைப் பாத்ததே இல்லை. அஞ்சு வரைக்கும் ஒழுங்காப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

வினோதினி அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டுப் பேரில் அவள்தான் மேல் என்றால், மறுபடி பழக்கவும் அவள்தான் நிற்க வேண்டும். மோசமானவளாக இருந்திருந்தால் இன்றைக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"திரும்பப் பழக்கணும்னா எத்தன நாள்?"

"ஒரு வருஷம். குறைஞ்சது. இந்தத் தடவை அவரோட முகமூடியிலயும் ஒரு கருவி வைக்கணும். ரெண்டு பேரையும் சேர்த்துப் படிச்சாத்தான் ஒரு வேலை புரியும்போல." கொஞ்சம் தயங்கினாள். "பெரிய குப்பி கேளுங்களேன்."

"கேட்டோம். அத மாட்டினா சிலிண்டர் அலமாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல ஆள் நுழைய முடியாதுன்னுட்டாங்க."

"மறுபடி கேளுங்க. நானும் எழுதறேன். நீங்க எழுதினது மேல போனா உங்களையும் அவரையும் விசாரிப்பாங்க மேடம்."

"விசாரிக்கட்டும். விசாரணையும் உக்காந்துதானே நடக்கும்" என்றாள் வினோதினி.

மூன்று மணிக்கு நாலாம் அலமாரியில் நிஜ ஆர்சின் சிலிண்டர் ஒன்று தீர்ந்திருந்தது. அதை யாராவது மாற்றித்தான் ஆக வேண்டும். வினோதினி ரப்பர் உடைக்குள் கால் நுழைத்தாள். ஹேமலதா பின்னால் நின்று குப்பியின் பட்டையை இறுக்கிவிட்டாள். அவளுக்கு விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. பட்டையை இரண்டாவது தரமும் இழுத்துச் சரிபார்த்தாள்.

உள்ளே சம்பத் உட்கார்ந்தார். ஒன்றிலிருந்து ஐந்து வரை வழக்கம்போல் போயிற்று. ஆறாவதில் முள் அடிக்கு வந்ததும் வினோதினியின் கண் பழக்கத்தில் தானாக அவர் முதுகுக்குத் தாவியது. இழுத்துக்கொண்டு வந்து முள்ளின்மேல் வைத்தாள். பத்து விநாடி. பதினைந்து. முப்பது விநாடி இவ்வளவு நீளம் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். சம்பத்தின் கைகள் முழங்காலுக்குப் போகவில்லை. மடியில் சும்மா கிடந்தன.

"ஆறு, சரி."

ஏழாவதுக்கு நைட்ரஜன் ஏறிக்கொண்டிருக்கும்போது அவளுடைய குப்பியில் விசில் ஊதியது.

சம்பத் திரும்பிப் பார்த்தார். முகமூடிக்குள் அவர் குரல் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "இன்னும் ஒண்ணுதான அம்மிணி."

"வாங்கண்ணா."

"ஒரே ஒண்ணு. ரெண்டே நிமிசம்."

"எந்திரிங்க."

அவர் பெருமூச்சு விட்டது விசிலையும் மீறிக் கேட்டது. வால்வுகளை மூடிவிட்டு எழுந்தார். இருவரும் வெளியே வந்து முகமூடியைக் கழற்றி, நனைந்த தலையோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஹேமலதா தண்ணீர் கொடுத்தாள். தஸ்லீமா பக்கத்தில் நின்றிருந்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு. புதுக் குப்பிகள் வந்தன. பட்டைகள் தோளில் அதே இடத்தில் பதிந்தன.

உள்ளே போய் நின்றதும் சம்பத் வால்வைத் திறந்தார். நைட்ரஜன் ஏறி இறங்கியது. பம்பு உறிஞ்சியது. முதல் அலசல். முள் மடமடவென்று சரிந்து, அடியில் தட்டி, நடுக்கம் அடங்கி நின்றது.

சம்பத் காத்திருந்தார். வினோதினி இன்னும் சரி சொல்லவில்லை.